நெகிழ்வு ஒளி வலையமைப்புகளில் அலைக்கற்றைத் துண்டாக்கம்: ஆய்வுப் போக்கு பற்றிய திறனாய்வு

அலைக்கற்றைத் துண்டாக்கம் என்பது, ஒளியிழையில் காலியாக உள்ள அலைவெண் பகுதிகள் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதால், மொத்தத்தில் போதிய இடம் இருந்தும் புதிய இணைப்புக்கு இடம் தர முடியாமல் போகும் நிலையாகும். நெகிழ்வு ஒளி வலையமைப்புகள் அறிமுகமானபோதே இச்சிக்கலும் உடன் பிறந்தது. 2010களின் தொடக்கத்திலிருந்து இதைத் தடுக்கவும், ஏற்பட்டபின் சரிசெய்யவும் ஏராளமான வழிமுறைகள் முன்மொழியப்பட்டுள்ளன. பிஜோய் சந்த் சட்டர்ஜி, செய்டு பா, எய்ஜி ஓகி ஆகிய மூவரும் 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வுக் கட்டுரை இவற்றை வகைப்படுத்தித் தருகிறது. இத்துறையில் நுழையும் மாணவர்கள் பலரும் முதலில் படிப்பது அதைத்தான்.

இந்த வழிமுறைகளில் பெரும்பாலானவை கணிதத்தில் பிழையற்றவை. ஆனால் அவை சோதிக்கப்படும் வலையமைப்பு, நிலத்துக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் உண்மையில் இயங்கும் வலையமைப்பு அல்ல. எந்த வகைப் போக்குவரத்தில் துண்டாக்கம் ஏற்படுகிறது, அதைச் சரிசெய்ய என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆய்வுகள் வசதியான விடையை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு விடுகின்றன.

சிக்கலின் தோற்றம்

பழைய அலைநீளப் பகுப்பு வலையமைப்புகளில் ஒவ்வோர் இணைப்புக்கும் 50 ஜிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. சமிக்ஞை குறுகியதாக இருந்தாலும் அதே 50தான். அகலமாக இருந்தால் அது நுழையவே முடியாது. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிகோ ஜின்னோவும் அவருடைய குழுவினரும் 2009இல் இதற்கு மாற்றாக, தேவைக்கேற்ப அகலத்தை வெட்டிக்கொடுக்கும் ‘ஸ்லைஸ்’ என்ற கட்டமைப்பை விளக்கினர். 2012இல் ஐ.டி.யு.வின் ஜி.694.1 பரிந்துரை நெகிழ்வுக் கட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. அதன்படி அகலம் 12.5 ஜிகாஹெர்ட்ஸின் மடங்காக இருக்கலாம். மைய அலைவெண் 193.1 டெராஹெர்ட்ஸிலிருந்து 6.25 ஜிகாஹெர்ட்ஸ் படிகளில் எங்கும் அமையலாம். ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஸ்லாட்’ எனப்படுவது பெரும்பாலும் இந்த 12.5 ஜிகாஹெர்ட்ஸ் அலகே.

இதன் ஆதாயம் எளிய கணக்கு. சி பட்டையில் ஏறத்தாழ 4.8 டெராஹெர்ட்ஸ் பயன்படுகிறது என்று கொள்வோம். 50 ஜிகாஹெர்ட்ஸ் வீதம் 96 இணைப்புகள் அடங்கும். 100 ஜிகாபிட் சமிக்ஞை ஒன்றை 37.5 ஜிகாஹெர்ட்ஸுக்குள் அடக்கினால் 128 இணைப்புகள் அடங்கும். அதாவது புதிய இழை எதுவும் போடாமல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

இதற்கு ஈடாக இரண்டு விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். ஓர் இணைப்புக்கான ஸ்லாட்டுகள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். அதோடு, பாதையில் உள்ள ஒவ்வொரு கண்ணியிலும் (இரு கணுக்களை இணைக்கும் இழைப்பகுதி) அதே எண்ணுள்ள ஸ்லாட்டுகளே காலியாக இருக்க வேண்டும். ரயிலில் ஆறு பேருக்கு அடுத்தடுத்த இருக்கைகள் வேண்டும், தொடக்க நிலையத்திலிருந்து கடைசி நிலையம்வரை யாரும் இடம் மாறக் கூடாது என்று கேட்பதைப் போன்றது இது. ரயிலில் பாதியில் இடம் மாறி உட்காரலாம். ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றாமல் அதன் அலைவெண்ணை வழியில் மாற்றும் கருவிகள் ஆய்வகங்களில் உண்டு என்றாலும், வணிக வலையமைப்புகளில் அவை வழக்கத்துக்கு வரவில்லை. மின்சமிக்ஞையாக மாற்றி மீண்டும் ஒளியாக்கினால் மாறலாம், அதற்குக் கூடுதலாக இரண்டு டிரான்சீவர்கள் வேண்டும்.

இந்த விதிகளுக்கு உட்பட்டுப் பாதையையும் ஸ்லாட்டுகளையும் மிகச் சிறந்த முறையில் தேர்ந்தெடுப்பது கணினியியலில் ‘என்.பி-முழுமை’ எனப்படும் கடினமான வகையைச் சேர்ந்தது என்று கிறிஸ்டோடுலோபூலோஸ், தோம்கோஸ், வர்வரிகோஸ் ஆகியோர் 2011இல் நிறுவினர். தோராய வழிமுறைகள் பெருகியதற்கு இதுவே வாயிலாக அமைந்தது. ஒரு சிக்கல் கடினமானது என்று நிறுவப்பட்டுவிட்டால், அதற்கு எத்தனை தோராயத் தீர்வு எழுதினாலும் இன்னொன்றுக்கு இடம் இருக்கும்.

கடன் வாங்கிய அளவுகோல்

துண்டாக்கத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் சூத்திரம் கணினி நினைவக மேலாண்மையிலிருந்து வந்தது. மிகப் பெரிய காலித் துண்டின் அளவை மொத்தக் காலி இடத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். விடை சுழி என்றால் காலி இடம் முழுவதும் ஒரே துண்டாக உள்ளது. ஒன்றை நெருங்கினால் சிதறிக் கிடக்கிறது.

நினைவகத்துக்கு இது பொருந்தும். வலையமைப்புக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை ஒரு சிறு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் 12 ஸ்லாட்டுகள் உள்ள இரண்டு கண்ணிகளை எடுத்துக்கொள்வோம். முதல் கண்ணியில் 1 முதல் 6 வரை காலி. இரண்டாவதில் 7 முதல் 12 வரை காலி. இரண்டிலும் காலி இடம் ஒரே துண்டாக இருப்பதால் சூத்திரம் தரும் விடை சுழி, அதாவது துண்டாக்கமே இல்லை. ஆனால் இரண்டையும் கடக்க வேண்டிய ஓர் இணைப்புக்கு ஒரு ஸ்லாட் கூடக் கிடைக்காது. மறுபக்கம், ஒற்றைப்படை எண்ணுள்ள ஆறு ஸ்லாட்டுகள் மட்டும் இரண்டு கண்ணிகளிலும் காலியாக இருந்தால் சூத்திரம் 0.83 என்ற மோசமான மதிப்பைத் தரும். ஆயினும் ஒரு ஸ்லாட் அகலமுள்ள ஆறு இணைப்புகளைச் சிக்கலின்றி ஏற்றலாம்.

ஆகவே துண்டாக்கம் என்பது ஒரு கண்ணியின் பண்பு அல்ல. எந்தப் பாதையில், எந்த அகலத்தில் கோரிக்கை வரப்போகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஷானனின் என்ட்ரோபியைக் கொண்டு அளக்கும் முறைகளும், பாதை முழுவதையும் கணக்கில் எடுக்கும் முறைகளும் பின்னர் வந்தன. அவை இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. ஆனாலும் கண்ணிவாரியான சராசரியை வரைபடமாக்கி, தமது வழிமுறை துண்டாக்கத்தை இத்தனை விழுக்காடு குறைத்தது என்று முடிக்கும் கட்டுரைகள் நிற்கவில்லை. குறைந்தது சூத்திரத்தின் மதிப்பு. அதனால் எத்தனை இணைப்புகள் கூடுதலாக ஏறின என்பது வேறு கேள்வி.

நினைவக ஒப்புமையில் இன்னொரு இடறலும் உண்டு. கணினிகளில் இச்சிக்கல், நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்து, ஒரு நிரலைப் பல இடங்களில் சிதறவைத்து இயக்கும் முறையால் பெருமளவு தீர்ந்தது. பக்க அட்டவணைப்படி முகவரி மாற்றத்தை வன்பொருளே செய்வதால் நிரலுக்குச் சிதறல் தெரிவதில்லை. ஒளி வலையமைப்பிலும் ஒரு கோரிக்கையை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிரித்து அனுப்பலாம் என்ற முன்மொழிவு உண்டு. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி டிரான்சீவரும் தனிக் காப்புப் பட்டையும் தேவை. நினைவகத்தில் ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தது இங்கே வலையமைப்பின் விலையுயர்ந்த உறுப்பைக் கேட்கிறது.

எர்லாங்கும் என்.எஸ்.எஃப்.நெட்டும்

இத்துறையின் உருவகப்படுத்தல்களுக்கு ஏறக்குறைய மாறாத ஒரு சடங்கு உண்டு. 14 கணுக்கள் கொண்ட என்.எஸ்.எஃப்.நெட் வரைபடம் எடுக்கப்படும். இணைப்புக் கோரிக்கைகள் பாய்சான் பரவலின்படி வரும். ஒவ்வொன்றும் அடுக்குக்குறிப் பரவலின்படி சிறிது காலம் இருந்துவிட்டுப் போகும். சுமை எர்லாங்கில் அளக்கப்படும். கோரிக்கைகளில் எத்தனை பங்கு இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்டது என்பது, அதாவது தடைபடும் வாய்ப்பு, முடிவாக வரையப்படும்.

என்.எஸ்.எஃப்.நெட் அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு மையங்களையும் இணைத்த முதுகெலும்பு வலையமைப்பு. முதலில் நொடிக்கு 56 கிலோபிட் வேகத்திலும் பிறகு 1.5 மெகாபிட், 45 மெகாபிட் வேகங்களிலும் இயங்கி, 1995இல் மூடப்பட்டது. அலைநீளங்களை வழிப்படுத்தும் ஒளி வலையமைப்பாக அது ஒருநாளும் இருந்ததில்லை. கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட ஒரு பொது வரைபடம் தேவை என்ற அளவில் இதை ஏற்கலாம். வரைபடம் பழையது என்பதைவிடப் பெரிய குறை போக்குவரத்து மாதிரியில் இருக்கிறது.

பாய்சான் வருகையும் அடுக்குக்குறிக் காலமும் எர்லாங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொலைபேசி அழைப்புகளுக்கு எழுதிய கணக்கு. அழைப்புகள் வரும், சில நிமிடங்களில் முடியும். முதுகெலும்பு வலையமைப்பில் ஓர் ஒளிப்பாதை அப்படிப்பட்டதன்று. திட்டமிட்டு, கருவி வாங்கி, பொருத்தி, சோதித்து இயக்கப்படும் ஒளிப்பாதை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். போக்குவரத்து கூடக்கூட புதிய ஒளிப்பாதைகள் சேர்க்கப்படும். எடுக்கப்படுவது அரிது.

காலத்தின் அலகை எப்படி வைத்துக்கொண்டாலும் எர்லாங் கணக்கு ஒன்றுதானே என்று இதற்கு மறுமொழி சொல்வதுண்டு. சராசரிக் காலம் ஒரு மணி என்றாலும் ஐந்தாண்டு என்றாலும் சமநிலையில் விடை மாறாது என்பது சரிதான். ஆனால் சமநிலை எப்போது வரும்? காலி வலையமைப்பிலிருந்து தொடங்கி, யாரையும் திருப்பி அனுப்பாத எளிய மாதிரியில், இணைப்புகளின் எண்ணிக்கை தன் சமநிலை மதிப்பில் 95 விழுக்காட்டை எட்ட, சராசரி இணைப்புக் காலத்தைப் போல மூன்று மடங்கு நேரம் ஆகும். சராசரி ஐந்தாண்டு என்று வைத்துக்கொண்டால் அது 15 ஆண்டு. 100 ஜிகாபிட் கோஹிரன்ட் கருவிகள் சந்தைக்கு வந்தது 2010 வாக்கில். 400 ஜிகாபிட்டுக்கான 400இசட்.ஆர் உடன்பாட்டை ஓ.ஐ.எஃப். வெளியிட்டது 2020இல். சமநிலை வந்து சேருமுன்பே டிரான்சீவர்களின் அகலமும் வேகமும் மாறி, வேறொரு வலையமைப்பு உருவாகிவிடுகிறது. உருவகப்படுத்தலில் ‘தொடக்கக் கட்டம்’ என்று முதல் சில ஆயிரம் கோரிக்கைகளைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடுவது வழக்கம். உண்மை வலையமைப்பு தன் வாழ்நாள் முழுவதையும் கழிப்பது அப்படித் தள்ளப்படும் அந்தக் கட்டத்தில்தான்.

கேட்டவுடன் அலைவரிசை வழங்கும் சேவை வந்தால் ஒளிப்பாதைகளும் அழைப்புகளைப் போல வந்துபோகும் என்ற எதிர்பார்ப்பு நெடுநாளாக உண்டு. இணையப் பெருநிறுவனங்கள் வேறு வழியில் சென்றன. கூகுள் 2013இல் விளக்கிய பி4 வலையமைப்பில், மாறும் தேவையை ஈடுகட்டுவது மேலே உள்ள பொட்டல அடுக்கின் மென்பொருள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2018இல் முன்வைத்த ராட்வான், ஒளிப்பாதையை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, சமிக்ஞைத் தரத்துக்கேற்ப அதன் வேகத்தை மட்டும் ஏற்றி இறக்கும் யோசனை. இவ்விரண்டிலும் அலைக்கற்றையில் எதுவும் இடம்பெயர்வதில்லை.

முடிவுகள் வரையப்படும் சுமை நிலையையும் கவனிக்க வேண்டும். தடைபடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, பத்தில் ஒன்று என்ற பகுதியில்தான் வழிமுறைகளுக்கு இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அதனால் வரைபடங்கள் அங்கேயே நிற்கின்றன. நூறு வாடிக்கையாளரில் ஒருவரை இடமில்லை என்று திருப்பி அனுப்பும் நிலைவரை எந்த வலையமைப்பும் காத்திருக்காது. அதற்கு வெகு முன்பே இன்னோர் இழையில் ஒளியேற்றப்படும். எனவே ஒரு நல்ல வழிமுறை உண்மையில் மிச்சப்படுத்துவது அந்த இழையில் ஒளியேற்றும் நாளைத் தள்ளிப்போடுவதையே. எத்தனை மாதம் தள்ளிப்போகிறது என்று கேட்கும் கட்டுரைகளே இயக்குநருக்குப் பயன்படும். அவை குறைவு.

நகர்த்துவதன் விலை

இயங்கிக்கொண்டிருக்கும் ஒளிப்பாதைகளை நகர்த்தி, காலித் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது துண்டாக்க நீக்கம். புதிய இடத்தில் இரண்டாவது ஒளிப்பாதையை எழுப்பிப் போக்குவரத்தை அதற்கு மாற்றியபின் பழையதை எடுப்பது ஒரு முறை. இதற்கு உபரி டிரான்சீவர்கள் வேண்டும். அனுப்பும் முனையில் உள்ள லேசரை மிக வேகமாகப் புதிய அலைவெண்ணுக்குத் தாவச்செய்வது இன்னொரு முறை.

இத்தாலியின் பிசாவைச் சேர்ந்த ஃபிலிப்போ குஜினியும் அவருடைய குழுவினரும் 2013இல் விரிவாக விளக்கிய ‘தள்ளி-இழுத்தல்’ முறை இவற்றுள் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. அனுப்பும் லேசரின் அலைவெண் மெல்ல மெல்ல நகர்த்தப்படுகிறது. கோஹிரன்ட் வாங்கியின் உள் லேசர் அதைப் பின்தொடர்கிறது. வழியிலுள்ள கணுக்களின் வடிகட்டிகள் முதலில் பழைய இடத்தையும் புதிய இடத்தையும் சேர்த்து விரிக்கப்பட்டு, நகர்வு முடிந்தபின் சுருக்கப்படுகின்றன. போக்குவரத்து அறுபடுவதில்லை, உபரிக் கருவியும் வேண்டாம். இதன் எல்லையும் தெளிவானது: நடுவில் இன்னோர் ஒளிப்பாதை இருந்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. தன் முறையின் இயற்பியல் எல்லையைச் சொல்லி, ஆய்வக மேசையில் செய்தும் காட்டியது என்பதால் இந்த ஆய்வு மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறது.

இதன்மேல் எழுதப்பட்ட பல திட்டமிடல் வழிமுறைகள் நகர்வைச் செலவற்றதாகவே எடுத்துக்கொண்டன. ஒரு கோரிக்கைக்கு இடம் தேட ஐந்தாறு ஒளிப்பாதைகளை நகர்த்துவது அவற்றில் வெறும் எண் மாற்றம். இழையில் நடப்பது வேறு. எர்பியம் பெருக்கிகள் தம்முள் நுழையும் எல்லா அலைநீளங்களுக்கும் ஆற்றலைப் பகிர்கின்றன. ஒன்று இடம் மாறினால் மற்றவற்றின் திறன் சற்றே மாறும். தூண்டப்பட்ட ராமன் சிதறலால் உயர் அலைவெண்ணிலிருந்து தாழ் அலைவெண்ணுக்கு ஆற்றல் கசியும் அளவும் மாறும். அடுத்தடுத்த பல பெருக்கிகளைக் கடக்கும்போது இச்சிறு மாற்றங்கள் கூடிச் சேர்கின்றன. இதைத் தவிர்க்கவே, குறிப்பாகக் கடலடி வடங்களில், காலி அலைவெண்களை ஒளி இரைச்சலால் நிரப்பி வைக்கும் வழக்கம் உள்ளது. அப்படிப்பட்ட இழையில் ‘காலி ஸ்லாட்’ என்று ஒன்று இல்லை. நகரும் ஒளிப்பாதைக்கு முன்னால் இரைச்சலை அகற்றி, பின்னால் மீண்டும் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். நகர்வுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதையும் இலக்காக வைத்த ஆய்வுகள் உண்டு. ஒரு நகர்வு அண்டை ஒளிப்பாதைகளின் தரத்தை என்ன செய்கிறது என்று கணக்கிட்டவை அவற்றினும் சில.

துண்டாக்கம் உண்மையில் பாதிக்கும் இடங்கள்

இதனால் துண்டாக்கம் ஒரு பொய்ச் சிக்கல் என்றாகிவிடாது. அது பாதிக்கும் இடம் வேறு, வரும் விதமும் வேறு.

முதலாவது, தலைமுறை மாற்றம். ஒளிப்பாதைகள் அரிதாகவே எடுக்கப்பட்டாலும், வேகம் உயர்த்தும்போது ஒட்டுமொத்தமாக எடுக்கப்படுகின்றன. 37.5 ஜிகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருந்த நான்கு 100 ஜிகாபிட் ஒளிப்பாதைகளை நீக்கிவிட்டு, 150 ஜிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று கொள்வோம். நான்கும் அடுத்தடுத்து இருந்தால் புதியது அச்சொட்டாக அங்கே அமரும். காலியான முதல் இடத்தில் வைப்பது என்ற எளிய விதிப்படி நான்கும் நான்கு மூலைகளில் வைக்கப்பட்டிருந்தால், அதே 150 ஜிகாஹெர்ட்ஸ் விடுபட்டும் பயன் இல்லை. இங்கே தேவைப்படுவது நொடிக்கு நொடி ஓடும் வழிமுறை அன்று. பத்தாண்டுக்கு முன் முதல் ஒளிப்பாதையை எங்கே வைத்தார்கள் என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

இதில் பயன்படுத்தப்படாத ஒரு வசதி கண்முன் இருக்கிறது. 37.5, 75, 150 ஆகியவை ஒன்றைவிட ஒன்று சரியாக இரு மடங்கு. 4.8 டெராஹெர்ட்ஸில் 150 ஜிகாஹெர்ட்ஸ் கட்டங்கள் மீதியின்றி 32 அடங்கும். ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகவோ நான்காகவோ மட்டுமே பிரிப்பது என்று வைத்துக்கொண்டால், கென்னத் நோல்ட்டன் 1965இல் கணினி நினைவகத்துக்கு விவரித்த இணைக்கட்ட முறை அப்படியே பொருந்துகிறது. எதற்கும் உதவாத 12.5 ஜிகாஹெர்ட்ஸ் சில்லுகள் அப்போது உருவாகாது. துண்டாக்கம் முழுவதும் ஒழிந்துவிடாது: வெவ்வேறு கட்டங்களில் காலியாக உள்ள இரண்டு 75களைச் சேர்த்து ஒரு 150 ஆக்க முடியாது. 100 ஜிகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயங்கும் கருவிகள் கலந்துவிட்டால் கணக்கும் கெடும். ஆயினும், 12.5 ஜிகாஹெர்ட்ஸின் எந்த மடங்கையும் எங்கும் வைக்கலாம் என்ற முழுச் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, அதனால் வந்த குழப்பத்தைத் தீர்க்க வழிமுறை தேடுவதைவிட இது மலிவானது. டிரான்சீவர்களின் வேகம் கூடக்கூட அகலங்களும் பெருகி, ஓர் இழையில் அடங்கும் ஒளிப்பாதைகளின் எண்ணிக்கை சில பத்துகளாகச் சுருங்குகிறது. 384 ஸ்லாட்டுகளில் 1 முதல் 10 ஸ்லாட் வரை சமவாய்ப்பில் கேட்கும் கோரிக்கைகளை இன்னும் உருவகப்படுத்துவது, எந்தக் கருவி விற்பனையில் உள்ளது என்று பாராமல் செய்யும் வேலை.

இரண்டாவது, இழை அறுபடும் நேரம். பள்ளம் தோண்டும் எந்திரமோ கப்பல் நங்கூரமோ ஓர் இழையை வெட்டினால், அதில் சென்ற பத்து இருபது ஒளிப்பாதைகளுக்கு அதே கணத்தில் வேறு பாதை வேண்டும். மாற்றுப் பாதை பெரும்பாலும் நீளமானது, அதிகக் கண்ணிகளைக் கடப்பது. அத்தனை கண்ணிகளிலும் ஒரே எண்ணுள்ள அகலமான காலி இடம் தேவைப்படுவது இப்போதுதான். மேலே சொன்ன இரண்டு கண்ணி எடுத்துக்காட்டு ஒரு புதிய வாடிக்கையாளரைத் தள்ளிப்போடும் சங்கடமாக இல்லாமல், இயங்கிக்கொண்டிருந்த சேவை நின்றுபோகும் நிகழ்வாக மாறுகிறது. நீண்ட பாதையில் சமிக்ஞைத் தரம் குறைவதால், அதே வேகத்துக்கு அகலம் கூடுதலாகவும் தேவைப்படலாம். 2021ஆம் ஆண்டு சிக்காம் மாநாட்டில் வெளியான ஆரோ என்ற ஆய்வு, இழை அறுந்தபின் ஒளிப்பாதைகளில் ஒரு பகுதியையே மாற்று இழைகளில் மீட்க முடியும் என்ற நிலையை ஏற்றுக்கொண்டு, எதை மீட்பது என்பதைப் பொட்டல அடுக்கோடு சேர்த்துத் திட்டமிட்டது. பெருக்கிகள் நிலைபெறும்வரை காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க இரைச்சல் நிரப்பலையும் அது பயன்படுத்திக்கொண்டது. அலைக்கற்றை ஒதுக்கீடு, பெருக்கியின் நடத்தை, மேல் அடுக்கின் தேவை ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் வந்த அரிய எடுத்துக்காட்டு இது.

துண்டாக்க நீக்கத்தை இந்தப் பக்கத்திலிருந்து அணுகினால் கேள்வியே மாறுகிறது. எந்த இழை அறுந்தாலும் மீட்பதற்கான இடம் மாற்றுப் பாதைகளில் ஒருசேரக் கிடைக்க, இன்று எந்த ஒளிப்பாதைகளை நகர்த்தி வைக்க வேண்டும்? இதற்கு விடை நொடியில் வேண்டியதில்லை. பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்ட இரவு ஒன்றில், ஒவ்வொரு நகர்வுக்கும் பெருக்கிகள் நிலைபெறும்வரை காத்திருந்து, இரண்டோ மூன்றோ ஒளிப்பாதைகளைத் தள்ளி-இழுத்தல் முறையில் நகர்த்தினால் போதுமானதாக இருக்கலாம். ஓர் ஆய்வு மாணவர் இதைச் சோதிக்கப் புதிய வழிமுறை கூடத் தேவையில்லை. பாய்சான் வருகையை எடுத்துவிட்டு, ஆண்டுதோறும் கூடும் தேவையை வைத்து, ஒவ்வொரு கண்ணியையும் முறையே வெட்டி, எத்தனை ஒளிப்பாதைகள் மீள்கின்றன என்று எண்ண வேண்டும். ஏற்கெனவே உள்ள வழிமுறைகளின் தரவரிசை அந்தச் சோதனையிலும் அப்படியே நிற்குமா என்பது திறந்த கேள்வி.